அமீரகத்தில் குடும்பத் தலைவர் இறந்தால்: அங்கேயும் ஊரிலும் எந்த வேலை முதலில்?

துபாயிலிருந்து, உடல் அனுப்பும் வேலைகளில் உதவுகிறவர்

மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருக்கும்போது குடும்பத் தலைவர் இறந்துபோன வீடுகளுக்காக இதைத் தொடங்குகிறேன். என்னென்ன காகிதம் வேண்டும் என்று பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். எதை முடித்த பிறகு எதைத் தொட வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த வரிசை பிசகினால் ஒரு முத்திரைக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

முதல் வேலை பாஸ்போர்ட். ஊருக்கு உடலை அனுப்பும்போது விசாவை ரத்து செய்வார்கள், துணைத் தூதரகம் பாஸ்போர்ட்டையும் ரத்து செய்யும். அது கைமாறுவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிடுங்கள். எமிரேட்ஸ் ஐடி இரண்டு பக்கம், வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் அதோடு சேரட்டும். அடுத்தது அவருடைய செல்போன் எண். துக்கத்தில் யாரோ ஒருவர் சிம்மை நிறுத்திவிடுவார். வங்கி, மின்வாரியம், அரசு இணையச் சேவை எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். எல்லாக் கணக்கும் முடியும்வரை ரீசார்ஜ் போட்டு அதை உயிரோடு வைத்திருங்கள்.

மருத்துவமனை அறிவிப்பு, காவல் நிலையத்தின் தடையில்லாக் கடிதம், சுகாதாரத் துறையின் இறப்புச் சான்றிதழ், துணைத் தூதரகப் பதிவு, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது), விமானச் சரக்கு என்று வேலை போகும். வீட்டில் இறந்தாலோ விபத்து என்றாலோ காவல் துறை, தடயவியல் கட்டங்கள் நடுவில் வரும், நாள் கூடும். துபாய், ஷார்ஜா உள்ளிட்ட வட எமிரேட்டுகளுக்குத் துபாயிலுள்ள துணைத் தூதரகம், அபுதாபிக்கு அங்குள்ள தூதரகம். மனைவி ஊரில் இருந்தால், இங்கே யார் கையெழுத்துப் போடலாம் என்று குடும்பம் நோட்டரி சான்றோடு ஒரு அதிகாரக் கடிதம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் வராமல்தான் பல உடல்கள் பிணவறையில் காத்திருக்கின்றன.

ஊரில் வரவேற்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்க வேண்டாம், உடல் சரக்கு முனையத்துக்குத்தான் வரும். சரக்குச் சீட்டில் பெறுபவராக யார் பெயர் இருக்கிறதோ அவரே அசல் அடையாள அட்டையோடு வர வேண்டும். விமான நிலைய சுகாதார அலுவலரின் அனுமதிக்கு 2023 முதல் இ-கேர் இணையதளத்தில் முன்கூட்டியே பதியலாம். சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிடம் சொன்னால் விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வண்டி ஏற்பாடு செய்வார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஷார்ஜாவிலிருந்து, மனிதவளப் பிரிவில் இருப்பவர்

அண்ணன் சொன்னதோடு பணக் கணக்கையும் சேர்க்கிறேன். 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளி இறந்த செய்தி தெரிந்த 10 நாளுக்குள் நிறுவனம் சம்பள பாக்கியையும் பணிக்கொடையையும் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் நிறுவனத்துடையது. சங்கத்தில் வசூல் செய்து டிக்கெட் போட்டுவிட்டு அப்புறம் நிறுவனத்திடம் கேட்காதீர்கள். எழுத்தில் முதலில் கேளுங்கள், நிறுவனம் கைவிரித்தால் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதிக்கு மனு கொடுங்கள்.

பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான். வீட்டுப்படி, பயணப்படி சேராது. முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படை 4,000 திர்ஹம், 8 ஆண்டு வேலை என்றால் ஒரு நாள் சம்பளம் 133.33. முதல் ஐந்து ஆண்டுக்கு 105 நாள், 14,000. பிந்திய மூன்று ஆண்டுக்கு 90 நாள், 12,000. ஆக 26,000 திர்ஹம். கையில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை வைத்து வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு, நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அடிப்படை எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். எடுக்காத விடுப்புக்கான பணத்தையும் தனியாகக் கேளுங்கள், அது பல நேரம் விட்டுப்போகிறது.

வேலையில் நடந்த விபத்தோ தொழில் நோயோ காரணம் என்றால் இழப்பீடு தனி: 24 மாத அடிப்படைச் சம்பளம், குறைந்தது 18,000, அதிகபட்சம் 2,00,000 திர்ஹம். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாள் வந்தால் சம்பள பாக்கி, பணிக்கொடை, விடுப்புப் பணம், இழப்பீடு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

இசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) போனவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கும். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275, மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான் என்பதால் ஏஜென்ட் கட்டியதே பலருக்குத் தெரியாது. குடியேற்ற அனுமதித் தாள்களோடு பாலிசி எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

துபாயிலிருந்து, விசா வேலை தெரிந்தவர்

கணவர் விசாவை ரத்து செய்கிற அன்றே மனைவி, பிள்ளைகள் விசாவையும் சேர்த்து ரத்து செய்துகொண்டு பெட்டி கட்டுகிற குடும்பங்கள் நிறைய. அவசரமில்லை அக்கா. இறந்த தேதியில் குடும்ப விசா செல்லுபடியாக இருந்தால், கணவரை இழந்தவருக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்பவர்) இல்லாமலே ஒரு வருடம் தங்க அனுமதி உண்டு. 2018-இல் வந்த விதி. விண்ணப்பிக்க இறப்புச் சான்றிதழும், அமீரக முத்திரை பெற்ற திருமணச் சான்றும் வேண்டும். மருத்துவக் காப்பீடு கணவரின் நிறுவனம் கொடுத்தது என்றால் அது நின்றுவிடும், சொந்தமாக எடுக்க வேண்டும்.

அந்த ஒரு வருடத்தில் வேலை கிடைத்து, சம்பளம் 4,000 திர்ஹமோ அல்லது 3,000-மும் தங்குமிடமுமோ இருந்தால் அம்மாவே பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் ஆகலாம். மணமாகாத மகனை 25 வயதுவரை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு வாடகைக்குக் கொடுத்த பின்தேதியிட்ட காசோலைகளை மறந்துவிடாதீர்கள். வங்கிக்குச் செய்தி போனதும் கணக்கு முடங்கும், அடுத்த காசோலை திரும்பும். முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கூட்டுக் கணக்கு என்றால் 10 நாளுக்குள் வங்கிக்கு அறிவிக்க வேண்டும், முடக்கப்படுவது இறந்தவரின் பங்கு மட்டுமே. அவருடைய ஏடிஎம் அட்டையில் பணம் எடுப்பது வேண்டவே வேண்டாம். மகன் நல்ல எண்ணத்தில் எடுத்தாலும் பின்னால் அது வாரிசுகளுக்குள் வழக்காகிறது. காலி செய்யும்போது துபாய் மின்வாரியத்தில் கட்டிய முன்பணம் திரும்ப வரும், அடுக்குமாடி வீட்டுக்கு 2,000, வில்லாவுக்கு 4,000 திர்ஹம்.

திருச்சியிலிருந்து, வருவாய்த் துறை அனுபவம் உள்ளவர்

ஊர்ப் பக்கத்தில் முதல் தடுமாற்றமே இறப்புச் சான்றிதழ்தான். "நம்ம விஏஓவிடம் ஒரு சான்றிதழ் வாங்கிடலாம்" என்று போய் நிற்பார்கள். துபாயில் நடந்த இறப்பை இங்குள்ள பதிவாளர் பதிய முடியாது, அவர் எல்லைக்குள் நடந்ததைத்தான் பதியலாம். துணைத் தூதரகம் பதிந்து தரும் சான்றுதான் இங்கே செல்லும். அங்கே இருக்கும்போதே கூடுதல் பிரதிகளை வாங்கி, தூதரக முத்திரையோடு கொண்டுவாருங்கள்.

அடுத்து வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை, பிறகு தாசில்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. அவரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் விசாரணையில் திரும்பும், அல்லது சான்றிதழ் வந்த பிறகு ரத்தாகும். மணமாகிப் போன மகளும் வாரிசுதான்.

பெரிய தலைவலி பெயர். ரேஷன் கார்டிலும் பட்டாவிலும் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால், மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். அமீரகச் சான்றிதழ் பாஸ்போர்ட்டைத்தான் பின்பற்றும். மனு கொடுக்கும் முன்பே எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எல்லாப் பெயரும் ஒருவருக்கே உரியவை என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முதல் மனுவோடே இணையுங்கள். தனியாகப் பிறகு கொடுத்தால் கோப்பு மறுபடி முதல் மேசைக்குப் போகும்.

அமீரகத்தில் காட்ட வேண்டிய இந்தியக் காகிதம் எல்லாவற்றுக்கும் ஒரே பாதை: மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், இங்குள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம். அப்புறம் அங்கே பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் அரபியில். லேமினேட் செய்த திருமணச் சான்றை யாரும் தொட மாட்டார்கள், பின்பக்கம் முத்திரை குத்த இடம் வேண்டும். பிரிக்கப் பார்த்தால் மையும் சேர்ந்து உரிந்துவரும். பதிவு அலுவலகத்தில் புது நகல் வாங்குவதுதான் வழி.

இன்னொன்று. ஊர் நிலத்தில் வயது வராத பிள்ளைகளுக்கும் பங்கு வந்துவிடுகிறது. அந்தப் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அம்மா விற்க முடியாது. கடனை அடைக்க நிலத்தை விற்றுவிடலாம் என்று முன்பணம் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அபுதாபியிலிருந்து, பள்ளியில் பணிபுரிபவர்

பிள்ளை 9 முடித்து 10-க்கோ, 11 முடித்து 12-க்கோ போகிற நேரம் என்றால், சிபிஎஸ்இ அனுமதி இல்லாமல் பள்ளி மாற்ற முடியாது. அந்த ஒரு வருட விசா இந்தப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய உதவி. பொதுத்தேர்வை முடித்துவிட்டு ஊருக்குப் போகலாம். மற்ற வகுப்புகளுக்கு மார்ச் முடிவு நல்ல நேரம், ஊரில் ஜூனில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழுக்குத் துபாய் என்றால் அங்குள்ள கல்வி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதை அங்கிருக்கும்போதே முடியுங்கள், ஊருக்கு வந்தபின் வாங்குவது கஷ்டம். கட்டணப் பாக்கி இருந்தால் முதல்வரை நேரில் பாருங்கள், இறப்பைச் சொல்லி எழுத்தில் தவணை கேளுங்கள்.

சென்னையிலிருந்து, வங்கியின் என்ஆர்ஐ பிரிவில் இருந்தவர்

தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழும் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றும் வேறு வேறு. நாமினி இருந்தால் பெரும்பாலும் இரண்டும் வேண்டாம், இறப்புச் சான்றும் நாமினியின் அடையாள அட்டையும் போதும். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. இறந்தவரின் என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டு வருமானத்தைப் போடும் என்ஆர்ஐ கணக்கு) அவருடைய தம்பி பெயர் நாமினியாக இருந்து, கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றாமல் விட்ட கணக்குகள் ஏராளம். அங்கேதான் சண்டை தொடங்குகிறது. வங்கியின் நிரந்தர வைப்புத் தொகையை (எஃப்டி) முதிர்வுக்கு முன் எடுத்தாலும் இறப்பின் காரணமாக என்றால் அபராதம் கிடையாது, கேளுங்கள்.

ஊருக்கே திரும்பிவிடும் அக்காமார் தங்கள் பெயரிலுள்ள என்ஆர்இ, என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஐ கணக்கு) கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். துபாயிலிருந்து வரும் பணிக்கொடையை வெளிநாட்டு நாணயமாகவே வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்எஃப்சி கணக்கு தொடங்கலாம்.

துபாயிலிருந்து, விசா வேலை தெரிந்தவர்

திருச்சி அண்ணா சொன்ன அம்மா பங்கு விஷயத்தில் ஒன்று சேர்க்கணும். அமீரகத்திலுள்ள சொத்துக்குக் கணக்கு வேறு. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 2023 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள சட்டப்படி பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்குப் பங்கு வராது. சொந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்கவும் இடமுண்டு. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் பங்கீடு, அதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. கணவர் இறந்தபின் முஸ்லிம் பெண்கள் அனுசரிக்கும் இத்தா காலமான நாலு மாதம் பத்து நாளில் வெளியே போகாமல் இருக்க நினைப்பவர்கள், நம்பிக்கையான உறவினருக்கு முதல் வாரத்திலேயே அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டால் பணிக்கொடையும் விசாவும் தேங்காது. கணவர் உயிரோடு இருந்தபோது எழுதித் தந்த அதிகாரப் பத்திரத்தைக் காட்டாதீர்கள், அவர் இறந்த நிமிடமே அது செல்லாது.