இழை: நியூட்ரோஃபில் "ஸ்வார்மிங்" – தமிழில் என்ன போடலாம்?

ச.: நண்பர்களே, நோய் எதிர்ப்பியல் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். கேண்டிடா பூஞ்சை இழையாக நீண்டுவிட்டால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒன்றால் மட்டும் அதை விழுங்க முடியாது. முதலில் வந்து தொட்ட செல்கள் லூக்கோட்ரையீன் பி4 என்ற வேதிப்பொருளை வெளிவிடும். அதை மோப்பம் பிடித்து வருபவையும் அதையே வெளிவிடும். சற்று நேரத்தில் இழையைச் சுற்றி ஒரே கொத்து. "கூட்டமாதல்" என்று எழுதிப் பார்த்தேன், உப்புச்சப்பில்லை.

ம.: மொய்ப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இரா.: ஈ அல்லவா நினைவுக்கு வரும்! "திரளல்" போதும்.

ம.: ஐயா, மொய் என்பதற்குப் போர், போர்க்களம், வலிமை, வண்டு என்றெல்லாம் அகராதியில் பொருள் உண்டு. வலிமையைக் குறிக்கும் மொய்ம்பும் இதன் உறவுதான் என்பது என் கட்சி. இலக்கணத்தையும் பாருங்கள். மேகம் சும்மாவே திரளும். மொய்ப்பதற்கு இரண்டாம் வேற்றுமை வேண்டும், எதையாவது மொய்த்தாக வேண்டும். இங்கே நடுவில் பூஞ்சை இருக்கிறதே.

இரா.: "பழத்தில் மொய்க்கிறது" என்பது ஏழாம் வேற்றுமை. போகட்டும். ஒன்றையொன்று கூப்பிடுவதுதானே இதன் உயிர்? மொய்ப்பில் அது எங்கே? "அழைதிரள்" என்போம். வினைத்தொகை. அழைத்த, அழைக்கின்ற, அழைக்கும் திரள்; முக்காலமும் பொருந்துகிறது.

த.: வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முழிப்பார்கள். அதோடு டிஎச்17 என்ற நோய் எதிர்ப்புச் செல்களும் இன்டர்லூக்கின்-17 என்ற சைகைப் புரதத்தைச் சுரந்து, மேற்புறச் செல்கள் வழியாக நியூட்ரோஃபில்களை வரவழைக்கின்றன. அதுவும் அழைப்புதான். அழைப்பை இதற்கு மட்டும் பட்டா போட முடியாது.

க.: அது இருக்கட்டும். பூஞ்சையா, பூஞ்சணமா, பூசணமா? முதலில் அதைத் தீர்க்கலாமே.

ச.: அதில் இறங்கினால் கையேடு அடுத்த ஆண்டுதான்! இன்னொன்று: கொத்து அளவு மீறாமல் ஜிஆர்கே2 என்ற புரதம், அழைப்பை உணரும் ஏற்பிகளை மரத்துப்போகச் செய்து செல்களை நிறுத்துகிறது. "மொய்ப்பு அடங்குகிறது" என்றால் வாக்கியத்தில் உட்காருகிறது. "அழைதிரள் அடங்குகிறது" நாக்கில் இடறுகிறது.

ம.: அப்புறம் என்ன? அனுப்புங்கள்.

த.: எனக்கும் சரி.

இரா.: அனுப்புங்கள். அடைப்புக்குறிக்குள்ளாவது அழைதிரள் இருக்கட்டும். ஈயை நான் இன்னும் ஏற்கவில்லை.