வேதக்கோயில் கூரை: பணம் அனுப்புவதற்கு முன்

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

நம் ஊர் வேதக்கோயில், அதாவது தேவாலயத்தின் பழுதான கூரைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பிவிடலாம் என்று, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் இந்தக் குழுவில் ஹூஸ்டன் அண்ணன் எழுதியதைப் படித்தேன். சபையைச் சேராத குடும்பங்களே முதலில் பேர் கொடுத்திருப்பதைப் பார்த்து மனசு நிறைந்துபோச்சு. ஆனால் தயவுசெய்து இப்போதைக்கு யாரும் சபைக் கணக்கில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

சொந்தக் கட்டடத்தில் பத்து வருசத்துக்கு மேல் நடந்துவரும் தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு 2016-17 முதல் நிதியுதவி தருகிறது. ஆரம்பத்தில் 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் என்று சின்னத் தொகைதான். இப்போது கட்டடத்துக்கு 10 முதல் 15 வயது என்றால் 10 லட்சம், 15 முதல் 20 என்றால் 15 லட்சம், இருபதைத் தாண்டினால் 20 லட்சம் வரை. நம் கோயில் தாத்தா காலத்துக் கட்டடம், மேல் வரம்புக்கே கேட்கலாம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சீரமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து எந்த நிதியுதவியும் வாங்கியிருக்கக் கூடாது. நாம் அவசரப்பட்டு அனுப்பும் இரண்டு மூன்று லட்சம், ஊருக்கு வர வேண்டிய 20 லட்சத்தைத் தடுத்துவிடக்கூடும்.

"நம்ம பணம் எப்படிங்க வெளிநாட்டுப் பணமாகும்?" என்று துபாய்த் தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, இந்தியக் குடியுரிமையோடு வெளியே இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் அப்படித்தான். அந்த வகைப் பணத்தை வாங்க மத்திய அரசிடம் தனி அனுமதி வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று ஒரு கணக்கும் வேண்டும். நம் சபைக்கு இரண்டும் இல்லை. நம் குழுவில் இரண்டு வகையினரும் கலந்து இருக்கிறோம். பாஸ்புக்கில் வெளிநாட்டு வரவு தெரிந்தால், எது யார் பணம் என்று விளக்குவதிலேயே மாசங்கள் ஓடிவிடும். அதனால் அரசு உதவிக்கான கோப்பு முடியும்வரை யாருமே அனுப்பாமல் இருப்பதுதான் சரி என்பது என் எண்ணம். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி பேரில் சுற்றி அனுப்பும் யோசனையும் வேண்டாம். அது நேர்மையில்லை, ஆயர் ஐயாவைத்தான் சிக்கலில் விடும்.

பணத்துக்கு முன்னால் சபைக்குத் தேவைப்படுவது காகிதம். விண்ணப்பப் படிவமும் சான்றிதழ் படிவங்களும் சிறுபான்மையினர் நலத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். பூர்த்தி செய்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், நமக்குத் திருப்பூரில், கொடுக்க வேண்டும். ஆட்சியரின் குழு நேரில் வந்து பார்க்கும். தகுதி இருந்தால் சிறுபான்மையினர் நல இயக்குநருக்குப் பரிந்துரை போகும். பணம் இரண்டு தவணையாகச் சபைக் கணக்குக்கு வரும். தேவாலயம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், வரைபடமும் மதிப்பீடும் வேண்டும். நிலப் பத்திரம்தான் இழுக்கும். லண்டன் மிஷன் காலத்து இடம் என்பதால் சொத்து தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் பேரில்தான் இருக்கும், கோவை திருமண்டல அலுவலகத்தில் கேட்டுத்தான் நகல் வாங்க வேண்டும். சபைக் கமிட்டியில் இருப்பவர்கள் காட்டு வேலையை விட்டுவிட்டுப் போய் வர வேண்டியவர்கள். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது கூடப் போனால் பெரிய உதவி. பழைய ஞானஸ்நானப் பதிவேடு, கல்வெட்டு, கோயில் முன்னால் எடுத்த கல்யாண போட்டோ யாரிடம் இருந்தாலும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கட்டடத்தின் வயதைக் காட்ட அவை உதவும்.

வேலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் சீமை ஓடு நகர்ந்து, அந்தச் சந்தில் ஐப்பசி மழை இறங்கித்தான், ஓட்டைத் தாங்கும் கைமரம் உளுத்திருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தகரம் போடலாம் என்கிறார்கள். வேண்டாமுங்க. சித்திரை வெயிலில் தகரத்துக்கடியில் ஆராதனை நடத்தவே முடியாது. உளுத்த மரத்தை மட்டும் மாற்றி, கரையானுக்கு மருந்தடித்து, நல்ல ஓட்டைத் திரும்ப அடுக்கலாம். சுவர் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடச் சொல்லுங்கள்.

கூரைக்கு அடுத்து, நுழைவு வளைவு வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். என் கட்சி கழிப்பறை. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், பெஞ்ச், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் இந்தத் திட்டத்தில் இடமிருக்கிறது. தோட்டத்துச் சாளைகளிலிருந்து (காட்டு வீடுகளிலிருந்து) காலையிலேயே கிளம்பி வரும் பெண்களும் வயசானவர்களும் மதியம்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதை ஒரு வருசம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஒருமுறை வாங்கினால் அடுத்து 5 வருசம் கழித்துத்தான் கேட்க முடியும். அதனால் மதிப்பீட்டில் எதையும் விட்டுவிடக் கூடாது. கட்டட வேலை தெரிந்தவர்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். ஆயர் ஐயாவிடம் மதிப்பீட்டு நகல் கேட்டிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன். வரிவரியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.