பார்ட்டிஷன் டேபிள்: ‘அடங்கல்’ பொருந்துமா?

அண்ணாச்சி, வணக்கம். கணினி வட்டை எந்தெந்தப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரித்திருக்கிறோம் என்று குறித்து வைக்கும் பட்டியல்தான் பார்ட்டிஷன் டேபிள். அதற்குத் தமிழில் வேறு சொல் தேடலாம் என்றதற்கு நீங்கள் கேட்டது:

> ‘பகிர்வு அட்டவணை’ என்று முன்பே முடிவு செய்ததுதானே? மறுபடியும் எதற்கு?

பகிர்வு என்றால் இன்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதுதான் நினைவுக்கு வருகிறது. ‘பாகப்பிரிவினை’யும் வேண்டாம், எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை எடுத்தாலே இரண்டு சித்தப்பாக்களும் எழுந்து போய்விடுவார்கள்.

இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், அம்பாசமுத்திரத்தில் மைத்துனர் தன் பழைய கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸையும் நிறுவப் போனார். நிறுவும் மென்பொருள் கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்று தட்டியிருக்கிறார். அது பார்ட்டிஷன் எல்லைகளை மாற்றி எழுதிய கையோடு மின்சாரம் போய்விட்டது. பிறகு கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கியதோடு சரி. பழுது பார்ப்பவர், “வட்டு அழிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்” என்றாராம்.

வட்டு அழியவே இல்லை. வட்டின் 512 பைட் கொண்ட முதல் துண்டத்தில் (செக்டர்), டேபிளுக்கு உரிய 64 பைட்தான் மாறியிருந்தது. நான்கு பார்ட்டிஷன், ஒவ்வொன்றுக்கும் 16 பைட்: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை. டெஸ்ட்டிஸ்க் மென்பொருள் வட்டைத் துழாவிப் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்து எழுதியதும், மகளின் காதுகுத்துப் படங்கள் உட்பட எல்லாம் திரும்பிவிட்டன. 2004-இல் ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸை நிறுவியபின் பலருக்கு விண்டோஸ் எழாமல் போனதும் இந்த இனம்தான். டேபிளில், வட்டைப் படிக்கும் தலைகளின் (ஹெட்) கணக்கு மாறியிருந்தது. 255 என்று திருத்தி எழுதியதும் எழுந்தது.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலைப் பாருங்கள்: சர்வே எண், பரப்பு, என்ன பயிர். அதில் பிழை விழுந்தால் வயலில் நிற்கும் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே டேபிள் ‘வட்டு அடங்கல்’. மைத்துனருக்கு வந்தது ‘அடங்கல் பிழை’. இப்படிச் சொல்லியிருந்தால் புதிய வட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்க மாட்டார்.

பார்ட்டிஷனுக்குப் ‘பாத்தி’ போதும். கீரைக்குத்தானே பாத்தி என்பீர்கள். தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஜிபிடி (GPT) என்ற புதிய டேபிள் முறையில் வட்டின் கடைசியில் டேபிளின் இன்னொரு பிரதி இருக்கிறது. ‘அடங்கல் நகல்’ என்றால் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அந்த முதல் துண்டத்தின் முதல் 446 பைட்டில் இருக்கும், கணினியை எழுப்பும் தொடக்க நிரலை விண்டோஸை நிறுவும் மென்பொருள் மேலெழுதுவது வேறு கோளாறு. அதை இதோடு குழப்ப வேண்டாம். தனி மடல் எழுதுகிறேன்.