“ரெட்ரோ கார்”: பழம்பாணியா, பழஞ்சாயலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். “ரெட்ரோ கார்” என்பதற்கு நம் அகராதியில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் பதிவது என்ற கேள்விக்கு வந்த முன்மொழிவுகளைப் பற்றி எழுதுகிறேன்.

> ரெட்ரோ கார் என்பதைப் “பழம்பாணிக் கார்” என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் எளிதில் புரியும்.

எளிதில் புரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் புரிவது வேறொன்றாகிவிடும் என்பதே என் தயக்கம். பழம்பாணிக் கார் என்றவுடன் நம்மவர் கண்முன் வந்து நிற்பது அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் வந்த அந்தக் கார், 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஏறக்குறைய அதே உருவத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பழைய காலத்தை நினைவூட்டவேண்டும் என்று யாரும் திட்டமிட்டு வரையவில்லை. மாற்ற ஆளில்லாமல் பழையதாகவே நின்றுவிட்டது. நாம் பெயர் தேடுவதோ, புதிதாக வரையப்பட்டு, கடந்துபோன ஒரு பத்தாண்டின் முகத்தை வேண்டுமென்றே ஏந்திவரும் காருக்கு. முன்னதைப் பழம்பாணி என்பது முற்றிலும் தகும்; பின்னதற்கும் அதையே கொடுத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

இந்த வேறுபாட்டை மெக்சிகோவின் புவெப்லா நகரத்து ஃபோக்ஸ்வாகன் ஆலை ஒரே வளாகத்தில் வைத்துக் காட்டியது. பின்புறத்தில் காற்றால் குளிரும் இன்ஜினைக் கொண்ட பழைய பீட்டில் அங்கே 2003 ஜூலை வரை உருவானது. ஜே மேஸ், ஃப்ரீமன் தாமஸ் ஆகியோரின் வடிவமைப்பில் 1994 டெட்ராய்ட் கண்காட்சிக்கு மாதிரியாக வந்த புது பீட்டில், 1997 முதல் அதே ஆலையில் உருவாகத் தொடங்கியது. அதன் அடித்தளம் கோல்ஃப் காருடையது. இன்ஜின் முன்னால் இருக்கிறது, நீரால் குளிர்கிறது, முன்சக்கரங்களை இயக்குகிறது. கூரையின் வளைவும் உருண்ட மட்கார்டுகளும் மட்டுமே பழையதை நினைவூட்டுகின்றன. பழைய பீட்டிலின் சொந்தக்காரர்கள் தாங்களாகத் தனியே வாங்கி மாட்டிக்கொண்ட சிறு பூக்குவளை, புதியதில் டாஷ்போர்டோடு சேர்ந்தே வந்தது. பழைய காலத்தில் விருப்பத்துக்குச் சேர்த்த ஒரு பொருளை வடிவமைப்பாளர் திட்டமிட்டு உள்ளே வைத்துவிட்டார் அல்லவா, அந்தத் திட்டமிடலே இவ்வகைக் காரின் உயிர்நிலை என்பது என் எண்ணம்.

> வெளியே பழசு, உள்ளே புதுசு. வரையறை அவ்வளவுதானே?

போதாது என்று நினைக்கிறேன். புவெப்லாவின் பழைய பீட்டிலுக்கே 1990களில் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்துவிட்டது; அம்பாசடருக்கும் அதே பத்தாண்டில் இசுசு இன்ஜின் வந்தது. வெளியே பழசு, உள்ளே புதுசு என்ற வரையறைப்படி பார்த்தால் இவையும் ரெட்ரோ ஆகிவிடும். எல்லைக்கோட்டை இன்ஜினில் அல்ல, உடலில்தான் போடவேண்டும். பழைய காரின் கதவைக் கழற்றிப் புதியதில் மாட்ட முடியுமா என்று ஒரு டிங்கரிங் பட்டறையில் கேட்டால் விடை கிடைத்துவிடும். மாட்ட முடிந்தால் அது தொடர்ச்சி. மாட்ட முடியாமல், ஆனால் பார்த்தவுடன் பழையது நினைவுக்கு வந்தால், அது நாம் பேசும் வகை.

இந்தச் சோதனையும் முழுமையாக உதவாத ஓர் இனம் உண்டு. 2001இல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த மினிக்கு 1959ஆம் ஆண்டின் மினி இருக்கிறது. ஃபியட் 500க்கு 1957ஆம் ஆண்டின் 500 இருக்கிறது, புதியதை வெளியிடுவதற்கும் பழையது வந்து சரியாக 50 ஆண்டுகள் நிறைந்த 2007 ஜூலை 4ஆம் நாளையே தேர்ந்தார்கள். ஆனால் நிசானின் ஃபிகாரோவுக்கு அப்படி ஒரு முன்னோர் இல்லை. 1987இல் பி-1, 1989இல் பாவ், 1991இல் ஃபிகாரோ என்று மைக்ராவின் அடித்தளத்தில் அந்நிறுவனம் அடுத்தடுத்துக் கொண்டுவந்த கார்களில் இதுவே மிகவும் கவனிக்கத்தக்கது. வெண்ணிற இருக்கைகள், குரோம் பூசிய சிறு விசைகள், பின்னோக்கிச் சுருளும் துணிக்கூரை, பழைய வானொலிப் பெட்டியின் முகத்துக்குள் ஒளித்துவைத்த சி.டி. கருவி என ஒவ்வொன்றும் 1950களை நினைவூட்டுகின்றன. ஆயினும் 1950களின் எந்தக் குறிப்பிட்ட காரும் அதில் இல்லை. நான்கு நிறங்களை நான்கு பருவங்களுக்கு என்று வகுத்து, ஏறத்தாழ 20,000 கார்களை மட்டும் செய்து, கேட்டவர் தொகை மிகுந்ததால் குலுக்கல் முறையில் விற்றார்கள். 2000இல் வந்த கிரைஸ்லர் பி.டி. குரூசரும் இப்படித்தான், 1930களின் அமெரிக்கக் கார்களைப் பொதுவாக நினைவூட்டியது. ஆகவே நம் சொல், ஒரு மாடலை நினைவூட்டுவதையும் ஒரு காலத்தையே நினைவூட்டுவதையும் ஒருங்கே தழுவவேண்டும்.

முன்மொழியப்பட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “பின்னோக்குக் கார்” வேண்டாம். காரைப் பொறுத்தவரை பின்னோக்கு என்பது கண்ணாடிக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் உரியதாகிவிட்டது. “மீளுருவாக்கம்” பழைய காரை அதன் அசல் நிலைக்குச் சீர்செய்வோரின் சொல். “போலி” இலக்கணத்தில் மதிப்புடைய சொல்தான், ஆனால் கடைத்தெருவில் அதன் பொருள் வேறு.

என் முன்மொழிவு “பழஞ்சாயல்”. பிறந்த குழந்தையைப் பார்த்து “அப்படியே தாத்தா சாயல்” என்கிறோம். குழந்தை புதியது, சாயல் பழையது, இரண்டும் ஒரே ஆள் என்று யாரும் மயங்குவதில்லை. முழுக்க ஒன்றாக இருந்தால் அதற்கு “அச்சு அசல்” என்ற வழக்கு தனியே இருக்கிறது. பழைய காரை அப்படியே படியெடுத்துச் செய்யும் ரெப்ளிக்காவுக்கு அதை விட்டுவிடலாம். மேலும் “முப்பதுகளின் சாயல்”, “தாத்தாவின் சாயல்” என்று காலத்தோடும் ஆளோடும் அது ஒருசேர ஒட்டுகிறது. பழந்தமிழில் சாயல் மென்மையைக் குறித்தது என்று புலவர்கள் எழுதுவார்கள் என்பது தெரியும். ஃபிகாரோவைப் பொறுத்தவரை அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

~~~

ஐயா, வணக்கம்.

சொல் எனக்கு உடன்பாடே. ஓர் இடர் மட்டும் இருக்கிறது. ஃபிகாரோ வந்தே 30 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் ஏதுமின்றி அசல் நிலையில் பேணப்படும் கார் விண்டேஜ் எனப்படுகிறது. அந்த அளவுகோலை வைத்தால் 2041இல் ஃபிகாரோவும் அந்த வயதை எட்டிவிடும். பழைய காருக்குப் பழஞ்சாயல் இருப்பதில் வியப்பென்ன என்று படிப்பவர் கேட்கமாட்டாரா? இன்னொன்று, “கார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அகராதியில் “மகிழுந்து” என்றல்லவா போடவேண்டும்? புணர்த்தி எழுதினால் “பழஞ்சாயற்கார்” என்றாகிக் கார்காலத்தை நினைவூட்டும் தொல்லையும் இருக்கிறது.

~~~

அம்மா, வணக்கம்.

வயதைப் பற்றிய தங்கள் கேள்வி வரையறையைத் திருத்தவைக்கிறது. “இன்றைக்குப் பழையது” என்று எழுதாமல், “செய்யப்பட்ட காலத்திலேயே, அதற்கு முந்தைய ஒரு பத்தாண்டின் அல்லது மாடலின் தோற்றத்தைப் புதிதாக வரைந்த உடலில் கருதியே கொண்டது” என்று எழுதிவிட்டால், ஃபிகாரோ எத்தனை ஆண்டு கழிந்தாலும் பழஞ்சாயலாகவே இருக்கும். அதே நேரத்தில் விண்டேஜ் ஆவதையும் எதுவும் தடுக்காது. ஒன்று வயதைப் பற்றியது, மற்றது வடிவமைத்தவரின் கருத்தைப் பற்றியது.

மகிழுந்தை ஏற்கிறேன், ஆனால் தலைச்சொல்லில் இரண்டுமே வேண்டாம். “பழஞ்சாயல்” என்று மட்டும் பதிந்தால் மிதிவண்டிக்கும் கைக்கடிகாரத்துக்கும் அதுவே போதும், புணர்ச்சித் தொல்லையும் இல்லை. எடுத்துக்காட்டாக 2024இல் மின்காராக வந்த ரெனோ 5ஐச் சேர்க்கலாம். 1972ஆம் ஆண்டின் ரெனோ 5இல் பானெட்டின் மேல் காற்று புகும் திறப்பு இருந்த இடத்தில், புதியதில் மின்னேற்ற அளவைக் காட்டும் விளக்கு இருக்கிறது.

பழைய காரின் உடலுக்குள் புது இன்ஜினோ மோட்டாரோ பொருத்தும் வேலைக்கு இந்தச் சொல் பொருந்தாது. அதற்குத் தனி இழை ஒன்றைத் தாங்களே தொடங்கிவிடுங்கள்.