மறு: ஆழ்நீரா, அமிழ்நீரா?

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்ந்து கனத்த கடல்நீர் ஆழத்துக்கு இறங்கும் நிகழ்வுக்கு (ஆங்கிலத்தில் deep water formation) 'ஆழ்நீராக்கம்' என்ற முன்மொழிவைப் படித்தேன். ஆழ் என்பதற்கு மூழ்குதல் என்ற பொருளும் உண்டுதான். ஆனால் ஆழ்கடல், ஆழ்துளைக் கிணறு என்று பழகிய காதுக்கு அது இடத்தை மட்டுமே சொல்லும். 'ஆக்கம்' அதைவிடவும் பொருந்தவில்லை. அங்கே எந்த நீரும் புதிதாக உண்டாவதில்லை. மேலே இருந்த நீரே கனத்துக் கீழே போகிறது.

லாப்ரடார் கடலிலும் கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களிலும் குளிர்காலக் காற்று மேல்நீரின் வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. அன்டார்க்டிக்காவின் வெடல் கடலில் இன்னொன்றும் சேர்கிறது. கடல்நீர் உறையும்போது உப்பில் பெரும்பகுதி பனிக்கட்டிக்குள் நிற்காமல் வெளியேறி, அடியிலுள்ள நீரை மேலும் கனமாக்குகிறது. ஊட்டி ஏரித் தண்ணீர் 4 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே நின்றுவிடும். கடல்நீரோ சுமார் −1.9 டிகிரியில் உறையும்வரை கனத்துக்கொண்டே போகும்.

அப்படிக் கனத்து இறங்கிய நீர் கடலடிச் சரிவில் வழிந்து பரவும். மார்கழி, தை இரவுகளில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தாப் பக்கம் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதை நாம் அறிவோம். விடிந்து பார்த்தால் மேட்டுத் தேயிலை பச்சையாகவே இருக்கும், பள்ளத்துச் செடி மட்டும் உறைபனியில் கருகியிருக்கும். அதே இறக்கம்தான் இதுவும். வங்கக் கடலின் அடியிலுள்ள குளிர்நீருக்கும் மூலம் தென்துருவக் கடலே.

ஆகவே நீருக்கு 'அமிழ்நீர்', நிகழ்வுக்கு 'நீரமிழ்வு' என்கிறேன். அமிழ்நீர் வினைத்தொகை: பல நூற்றாண்டுகளுக்கு முன் அமிழ்ந்ததும், இன்று அமிழ்வதும், இனி அமிழப்போவதும் அதில் அடங்கும். ஒருவர் சொன்ன 'கனநீர்' வேண்டாம், அது அணு உலையில் பயன்படும் heavy water-க்குப் பெயராகப் போய்விட்டது.

செய்தியிலும் இது எளிதாக உட்காரும். கிரீன்லாந்துப் பனி உருகிச் சேரும் நன்னீர் மேல்நீரின் உப்பைக் குறைக்கிறது. உப்பு குறைந்தால் நீரமிழ்வு தளரும். வெப்பநீர் மேலே வடக்கே போய், குளிர்ந்து அமிழ்ந்து, ஆழத்தில் தெற்கே திரும்புவதுதான் அட்லாண்டிக் சுழற்சி. இந்த நூற்றாண்டில் அது வலுவிழக்க மிகவும் வாய்ப்புண்டு என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது. அப்படியானால் வடக்கே போகும் வெப்பம் குறையும், வெப்பமண்டல மழைப் பட்டையும் தெற்கே நகரக்கூடும். கடல் விழுங்கும் கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆழத்துக்குப் போவதும், அடியில் வாழும் உயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதும் இந்த வழியில்தான். இவ்வளவு பெரிய விஷயத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லைக் கேட்டதுமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். வெப்பமும் உப்பும் மாறுவதால் நடக்கும் இந்தக் கடல் சுழற்சிக்கு (thermohaline circulation) 'வெப்ப உப்புச் சுழற்சி' என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து