ஃபாப் (பாக்கெட்ல வச்சுக்கற ரிமோட்) இல்லாத செகண்ட் ஹேண்ட் டூரிங் பைக்: மாட்டிக்கிட்ட கதை இருந்தா போடுங்க

அல்சூர்_ரைடர்
ஹார்லி ஸ்ட்ரீட் கிளைட், 2014 மாடல், பெங்களூர் இந்திராநகர்ல ஒருத்தர்கிட்ட எடுத்தேன். பணம் போட்டாச்சு, சாவி வாங்கியாச்சு, ஸ்டார்ட் பண்ணி கெளம்பியாச்சு. ஃபாப் அவர் பேண்ட் பாக்கெட்லயே இருக்கு, ரெண்டு பேருக்கும் அது ஞாபகம் இல்ல. இந்த சிஸ்டம் ஓடுற வண்டிய நிறுத்தாதுல்ல, ஆன் பண்றப்போ ஃபாப் பக்கத்துல இருந்தா போதும், நடுவுல ஆஃப் பண்ணாம இருந்தா கன்னியாகுமரி வரைக்கும்கூட போலாம். நான் அத்திப்பள்ளிக்கு முன்னாடி பங்க்ல ஆஃப் பண்ணேன்.

டேங்க் ஃபுல் பண்ணிட்டு சுவிட்ச் போட்டா மீட்டர்ல சாவி படம் எரியுது, ஸ்டார்ட்டர் அமுக்கினா சத்தமே இல்ல. சரி ஓரமா தள்ளுவோம்னு லேசா நகத்தினேன் பாருங்க, சைரன்! 360 கிலோவுக்கு மேல இருக்கற வண்டி, பங்குக்கு நட்டநடுவுல, இண்டிகேட்டர் எல்லாம் மின்னுது, பின்னாடி க்யூல ஹாரன். மேனேஜர் வந்து "ஆர்சி தோர்ஸி"ன்னாரு, ஆர்சிய காட்டணுமாம். ஆர்சில இருக்கறது வித்தவர் பேரு. அவரோ ஃபோன் எடுக்கல. மேனேஜர் ஆர்சியயும் என்னயும் மாத்தி மாத்தி பாத்தாரு. அதவிட பெட்ரோல் போட்ட பையன் வந்து வண்டிக்கு குறுக்கால கைய கட்டிட்டு நின்னான், நான் ஓடிருவேனாம். ஸ்டார்ட்டே ஆகாத வண்டில எங்கடா ஓடுறது? சாயங்காலம் அவர் வீட்டம்மா கேப்ல ஃபாப் குடுத்தனுப்பினாங்க. அதுக்கப்புறம் மேனேஜர் காப்பி வாங்கித் தந்தாரு, ஆனா அந்தப் பையன் நின்ன நிப்பு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

சில்க்போர்டு_சீனியர்
அண்ணா, உங்களுக்காவது ஃபாப் வந்துச்சு. என் ஹார்லி ரோடு கிங்குக்கு ஃபாப்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மொத ஓனர் ஃபாரின் போயிட்டாரு, ரெண்டாவது ஓனர் என் கைல குடுத்தது விசிட்டிங் கார்டு பின்னாடி எழுதின அஞ்சு நம்பர் பின் மட்டும்தான். ஃபாப்புக்கு பதிலா அத போட்டாதான் லாக் எடுபடும். போட்டவங்களுக்கு தெரியும் அந்தக் கொடுமை, ரெண்டு இண்டிகேட்டர் பட்டனயும் சேத்து அமுக்கிப் பிடிக்கணும், மின்னினதும் மொத நம்பர் எத்தனையோ அத்தன தடவ இடது பட்டன தட்டணும், அப்புறம் வலது ஒரு தட்டு, அப்புறம் அடுத்த நம்பர், இப்படியே அஞ்சும். என் பின்ல 9 ரெண்டு தடவ வருது!

சில்க் போர்டு சிக்னல், சாயங்காலம், இன்ஜின் சூட்டுல தொடை வேகுதுன்னு சுவிட்ச் ஆஃப் பண்ணேன். பண்ணா அஞ்சே செகண்டுல தானா லாக் ஆயிரும். சிக்னல் விழுந்துச்சு, நான் தட்டிக்கிட்டே இருக்கேன், பின்னாடி பிஎம்டிசி பஸ் ஹாரன், ஏழு தட்டினேனா எட்டான்னு விட்டுப்போச்சு, மறுபடி மொதல்லேர்ந்து. டிராஃபிக் போலீஸ்காரர் பக்கத்துல வந்து குனிஞ்சு கேக்குறாரு, "மொதல்ல லெஃப்டா ரைட்டான்னு முடிவு பண்ணுப்பா". சிரிக்கவும் முடியல, எண்ணவும் முடியல.

ஆனா ஒண்ணு, உங்க விஷயத்துல வித்தவர குத்தம் சொல்றது நியாயமா படல. ஃபாப் பாக்கெட்ல இருக்கறது யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

டூரிங்_பெருசு
எனக்கு நடந்தது ஒரு வரிதான், நந்தி ஹில்ஸ் மேல ஃபாப் பேட்டரி செத்துப்போச்சு, டீக்கடைக்காரர் வீட்டு வெயிங் மெஷின்லேர்ந்து பேட்டரி கழட்டிக் குடுத்தாரு, மகராசன்.

தம்பிங்களா, நான் சொல்றத கேளுங்க. அது 2032 பட்டன் செல், எந்தக் கடைலயும் கிடைக்கும், எப்பவும் பர்ஸ்ல ஒண்ணு இருக்கட்டும். வண்டி வாங்கும்போது ஃபாப்ப கைல வாங்கி, வித்தவர நாலு வீடு தள்ளி நிக்கச் சொல்லிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். ஓனர் பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கறப்பவே பின் நம்பரயும் எழுதி வாங்கிருங்க. எல்லாத்தயும்விட முக்கியம் இன்சூரன்ஸ்! வண்டி திருடு போச்சுன்னா க்ளெய்முக்கு ஒரிஜினல் சாவி ரெண்டும் கொண்டான்னுதான் பொதுவா கேப்பாங்க, ஒண்ணு இல்லன்னா ஆயிரம் கேள்வி. வேற ஃபாப் வாங்கலாம்னா ஷோரூம் கம்ப்யூட்டர்ல அத வண்டியோட இணைக்கணும், உங்க பேர்ல ஆர்சி வேணும். 2020 செப்டம்பர்ல ஹார்லி இந்தியாவ விட்டு போறோம்னு சொன்னப்போ சர்வீஸுக்கு எங்க போறதுன்னு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், அக்டோபர்ல ஹீரோ கைகோத்த பிறகுதான் மூச்சு வந்துச்சு. பின் நம்பரும் தெரியலன்னா பொறுமையா ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாருங்க, இல்ல பேட்டரிய கழட்டி மாட்டுங்க, சரியாயிரும்.

பேஸ்மெண்ட்_பி2
பெரியவரே, மத்ததெல்லாம் சரி, கடைசி வரிய மட்டும் தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க. 1லேர்ந்து 9 வரைக்கும் அஞ்சு இடம், கணக்கு போட்டா 59,049 வருது. தப்பா போட்டுக்கிட்டே இருந்தா நடுவுல கொஞ்ச நேரம் ஏத்துக்காது வேற. பேரன் பேத்தி எடுத்துரலாம்.

பேட்டரி கழட்டற கதைய நான் நேர்லயே பாத்தேன். முருகேஷ்பாளையா, எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட், ராத்திரி. பக்கத்து ஃபிளாட்காரர் ஃபாப்ப தொலைச்சுட்டு இதே ஐடியா பண்ணாரு. சைரன் வச்ச வண்டி அது, சைரனுக்குள்ள தனியா ஒரு பேட்டரி இருக்கு, மெயின் பேட்டரிய புடுங்கினா திருடன்னுதான் அது நெனச்சுக்கும். புடுங்கினாரு. பேஸ்மெண்ட்ல எக்கோ வேற. வாட்ச்மேன் ஓடிவந்து ஈரச் சாக்க போட்டு மூடுறாரு, தீப்பிடிச்ச மாதிரி! மூணாவது மாடி பாட்டி நைட்டி மேல துண்ட போத்திக்கிட்டு எறங்கி வந்து "யாருடா அது, அத கொன்னுருங்கடா"ன்னு கத்துறாங்க. வண்டிய சொன்னாங்களா அவர சொன்னாங்களான்னு இன்னிக்கி வரைக்கும் எங்களுக்குள்ள பஞ்சாயத்து.

டோமினார்_கேஏ03
நீங்க எல்லாம் கம்பெனி சிஸ்டம் பத்தி பேசுறீங்க. என்னுதுல முன்னாடி ஓனர் வெளில மாட்டின அலாரம், ரிமோட்டும் இல்ல, எந்த ஒயர்ல போட்டான்னும் தெரியல. லாரி பக்கத்துல போனாலே கத்தும். ஜேசி ரோட்டுல ஒரு பாய்கிட்ட விட்டேன், சீட்ட கழட்டிப் பாத்துட்டு "இது அலாரம் இல்ல சார், இடியாப்பம்"னாரு. அறுத்துப் போட்டுட்டு இக்னிஷன் ஒயர நேரா சேத்துட்டாரு. இப்ப நிம்மதி.

அல்சூர்_ரைடர்
வித்தவர நான் குத்தமே சொல்லலயே சீனியர், திரும்பப் படிங்க. எனக்கு கோவம் அந்தப் பையன் மேலதான். அதிருக்கட்டும், 9 ரெண்டு வருதுன்னு ஊரறிய எழுதி வச்சிருக்கீங்க, மொதல்ல பின்ன மாத்துங்க.

சில்க்போர்டு_சீனியர்
மாத்தறதுக்கு ஃபாப் வேணும்ணா.