திருச்சி புனித வளனார் பள்ளி: பழைய பதிவேட்டையும் வளாகத்தையும் பார்த்தவர்கள் எழுதுங்கள்

உறையூரிலிருந்து:

பள்ளியின் பெயரில் எதற்குக் 'கல்லூரி' என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது வழக்கம். இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்த நிறுவனம் இது. பள்ளியும் கல்லூரியும் ஒரே வேரிலிருந்து கிளைத்ததால் 'புனித வளனார் கல்லூரி மேல்நிலைப்பள்ளி' என்ற பெயர் நிலைத்தது. 'மேல்நிலை' என்ற சொல் 1978இல் பிளஸ் டூ வந்த பிறகுதான் சேர முடியும். அந்தச் சொல்லோடு 1950ஆம் ஆண்டுச் சான்றிதழ் என்று யாராவது ஒரு தாளைக் காட்டினால், அது பின்னாளில் எழுதிக் கொடுத்த நகல்.

வகுப்புக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். முதல் பாரம் என்றால் இன்றைய ஆறாம் வகுப்பு. ஆறாம் பாரம் என்றால் பதினொன்றாம் வகுப்பு, அதாவது அன்றைய எஸ்.எஸ்.எல்.சி. 'ஆறாம் பாரத்தோடு நின்றவர்' என்ற குறிப்பைப் பார்த்துவிட்டு 'தாத்தா ஆறாவதுதான் படித்தார்' என்று குடும்ப வரலாறு எழுதிவிடாதீர்கள். பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்புவரை வந்தவர் அவர்.

நாகப்பட்டினத்திலிருந்து:

உறையூர் ஐயா சொன்ன 1883ஐ அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். '1844 முதல் மலைக்கோட்டை அடிவாரத்தில்' என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. முதல் 39 ஆண்டுகள் எங்கள் ஊருக்கு உரியவை. அந்தக் காலத்து மாணவரைத் தேடுபவர்கள் நாகப்பட்டினத்துத் தேவாலயப் பங்குப் பதிவேடுகளிலிருந்து தொடங்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1862இலேயே ரயில் ஓடியது. ஆகவே இடம் மாறிய பிறகும் கடற்கரைப் பிள்ளைகள் திருச்சிக்குப் போய்ப் படிப்பது பெரிய பாடாக இருந்திருக்காது. 1883க்குப் பிந்தைய பட்டியல்களிலும் நாகைப் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

பெயர்தான் பெரிய முடிச்சு. ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில் இருக்கும், வீட்டில் கூப்பிட்டது தமிழ்ப் பெயராக இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டு. மூன்றும் ஒரே பையன்தான் என்று தெரியாமல் தேடலைக் கைவிட்டவர்கள் உண்டு. முடியப்பன் என்றால் ஸ்தேவான், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஸ்டெபானுஸ். இராயப்பன் பேதுரு, அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுல். ஞானப்பிரகாசம் அலோய்சியஸ், சாமிநாதன் தோமினிக். சவரிமுத்துவை சவேரியுஸ் என்ற பெயரில் தேடுங்கள், சூசையை யோசேபுஸ் என்ற பெயரில். பள்ளியின் காவலரான அதே புனிதருக்கே தமிழில் சூசையப்பர், யோசேப்பு, வளனார் என்று மூன்று பெயர் இருக்கிறதே! தேடும்போது மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பிறந்த தேதிக்குப் பள்ளிப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். சேர்க்கும் நாளில் வகுப்புக்குத் தோதாக வயதைச் சொல்லி எழுதவைப்பது ஊரறிந்த வழக்கம். ஞானஸ்நானம் பெரும்பாலும் பிறந்த சில நாட்களுக்குள் நடந்துவிடும் என்பதால் அந்தத் தேதி உண்மைக்கு நெருக்கமானது. பள்ளி அலுவலகத்தில் கேட்கும்போது பெயரைவிட அட்மிஷன் எண் உதவும். பழைய டி.சி. கிழிந்து போயிருந்தாலும் அந்த எண் உள்ள மூலை மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொடைக்கானலிலிருந்து:

பள்ளியில் கிடைக்காதது இங்கே கிடைக்கலாம். மதுரை மாநில இயேசு சபையின் ஆவணக் காப்பகம் செண்பகனூரில் இருக்கிறது ('மாநிலம்' என்பது இங்கே சபையின் நிர்வாகப் பிரிவு). முன்கூட்டியே கடிதம் எழுதி, எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். 'எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்' என்று வந்தால் யாராலும் உதவ முடியாது. பேனா வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். மை ஒரு துளி சிந்தினாலும் தாள் போயிற்று.

19ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் பல பிரெஞ்சில் இருக்கும், ஏனென்றால் மதுரை மிஷன் அன்று பிரான்சின் துலூஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. பழைய கையெழுத்தில் மாதப் பெயர் கவிழ்த்துவிடும். 7 என்ற எண்ணோடு சிறிய எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் 'செப்தெம்' என்றால் ஏழு. அதே போல 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். இரண்டு மாதம் பிசகினால், பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் பட்டியலில் வந்துவிடுவார்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து:

நேரில் பார்க்க வருபவர்களுக்கு: சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். தெப்பக்குளத்தின் பக்கம் வந்தால் மெயின்கார்ட் கேட் தெரியும், பழைய கோட்டை மதிலில் மிஞ்சிய வாசல் அது. லூர்து அன்னை ஆலயத்தின் கூர்நுனிக் கோபுரம் அடையாளம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எழுப்பத் தொடங்கிய கோதிக் பாணிக் கட்டடம். தெப்பக்குளத்தை ஒட்டிய கிளைவ் மாளிகையையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே பிஷப் ஹீபர் பெயரிலும் ஒரு பள்ளி உண்டு. அது ஆங்கிலிகன் மரபு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தாவரவியல் ஆர்வம் இருந்தால் கல்லூரியின் ராபினா ஹெர்பேரியத்துக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். 1967இல் தொடங்கியது, உலர்த்தி ஒட்டிய செடிகளின் பெருந்தொகுப்பு.

கும்பகோணத்திலிருந்து:

பழைய மாணவர்கள் பணம் திரட்டிக் கட்டடத்தைப் புதுப்பிக்கக் கிளம்பும்போது ஒரு வேண்டுகோள். எந்தப் பள்ளியானாலும், பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சில மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வரும். நன்றாகப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கலக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். பூசிய பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெல்லக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் மயிரிழை வெடிப்பு விழும்.

மெட்ராஸ் டெரஸ் கூரையாக (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை) இருந்தால் முதலில் தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையைத் தட்டிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரோரம் கசியும் நீர் அங்கேதான் தங்கும், மக்குவதும் அங்கேதான் தொடங்கும். மந்தமாகச் சத்தம் வந்தால், பெயிண்டுக்கு வைத்த பணத்தை அந்த முனைக்குச் செலவிடுங்கள்.